மப்பில் ஒரு மது ஒழிப்புத் தலைவர்!

செல்போன் அலறியது.

அட்வகேட் பிரிஸ்கில்லா அப்போதுதான் டிபன் பாக்ஸைத் திறந்து முதல் கவளம் தயிர் சாதத்தை வாயில் வைத்திருந்தாள். மெல்லாமல் அப்படியே போனை எடுத்தாள்.

"ஹலோ..."

"வக்கீலம்மா! மோசம் போயிட்டோம் வக்கீலம்மா!"

ஒரு பெண்ணின் ஓலம். ராஜபாளையம் பஸ் இரைச்சலையும் மீறிக் காதைத் துளைத்தது.

"யாரும்மா பேசுறது?"

"நான் சோழபுரம் வெள்ளத்தாய்! எங்க வீட்டுக்காரவியளைப் போலீஸ் புடிச்சிட்டுப் போயிருச்சு!"

"எதுக்கு?"

"அதை எப்படித் தாயி நான் வாயால சொல்லுவேன்!"

"அடிதடியா?"

"இல்ல..."

"கொலையா?"

"கொலைன்னாக்கூட வெளிய தலை காட்டலாமே தாயி!"

"பொறவு என்னதாம்மா?"

மறுமுனையில் ஒரு விசும்பல்.

"குடிச்சிட்டு வண்டி ஓட்டுனாவளாம்!"

பிரிஸ்கில்லாவுக்குப் புரை ஏறியது. தயிர் சாதம் மேஜை மேல் இருந்த கேஸ் கட்டுகள் மேல் தெறித்தது.

காரணம் இருந்தது.

வெள்ளத்தாயின் கணவர் பால்ச்சாமி, முன்னாள் ராணுவ ஹவில்தார். பட்டாளத்தில் தனக்குக் கொடுத்த ரம்மைக் கூட இருந்தவர்களுக்குக் கொடுத்துவிட்டு, பதிலுக்குப் பால் பவுடர் வாங்கிக் குடித்தவர்.

அதைவிட முக்கியம்... அவர் மது ஒழிப்பு இயக்கத்தின் தலைவர்!

★

ஸ்ரீவில்லிபுத்தூர் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் கல்யாண வீடு மாதிரிக் கூட்டம். பாதிப் பேர் கையில் செல்போன். எல்லோருடைய போனிலும் ஒரே வீடியோ. எல்லோர் முகத்திலும் ஒரே இளிப்பு.

பிரிஸ்கில்லா கூட்டத்தைப் பிளந்துகொண்டு உள்ளே போனாள்.

சப்-இன்ஸ்பெக்டர் பொன்னுராஜ் அவளைப் பார்த்ததும் சிரிப்பை அடக்கிக் கொண்டார்.

"வாங்க மேடம். உங்க ஆளு உள்ள பாட்டுப் பாடிட்டு இருக்காரு."

"என்ன சார் நடந்துச்சு?"

"மது ஒழிப்பு ஊர்வலம் ராஜபாளையத்துல இருந்து வந்துச்சா... அய்யாதுரை பார் இருக்குல்ல, நம்ம ஊருக்குள்ள நுழையுற இடத்துல? அந்த வாசல் போர்டுல ஜீப்பைக் கொண்டுபோய் மோதிட்டாரு. நாங்க போய்ப் பாத்தா உள்ள தனியா ஒக்காந்து சிரிச்சிக்கிட்டு இருக்காரு. மெஷின்ல ஊதச் சொன்னோம். ஊதினாரு பாருங்க... மெஷினுக்கே மப்பு ஏறிருச்சு!"

"அவர் குடிக்கவே மாட்டாரு சார்!"

"இப்பவும் அதைத்தான் சொல்றாரு. சொல்லும்போது என்னை 'கர்னல் சாப்'னு கூப்பிடுறாரு."

ஜாமீனில் விடக்கூடிய குற்றம்தான். வெள்ளத்தாயும் அவளுடைய தம்பியும் ஜாமீன் கையெழுத்துப் போட்டார்கள். சாயங்காலம் பால்ச்சாமி போதை தெளிந்து வெளியே வந்தார். மீசை தொங்கிப் போயிருந்தது. அத்தனை பெரிய மீசை தொங்கியதை அந்த ஊர் அதுவரை பார்த்ததில்லை.

வேப்பமரத்தடி பெஞ்சில் அவரை உட்கார வைத்தாள் பிரிஸ்கில்லா.

"ஐயா, ஒண்ணு விடாம சொல்லுங்க."

"முழங்கால் வலி தாயி. பட்டாளத்துல அடிபட்டு பிளேட் வச்ச கால். நடக்க முடியல. எல்லாரும் முன்னால போங்க, நான் ஜீப்புல பொறத்தால வாரேன்னு சொல்லிட்டு, புளியமரத்து நெழல்ல செத்த நேரம் ஏறி உக்காந்தேன்."

"அப்பொறம்?"

"தொண்டை வறண்டு போச்சு. சீட்டுக்கு அடியில ஒரு பாட்டில் கெடந்துச்சு. ஊர்வலத்துக்குன்னு இஞ்சி சர்பத்து கலக்கியிருந்தாவ. அதான்னு நெனச்சு மடமடன்னு குடிச்சிட்டேன்."

"வாடை தெரியலையா?"

"ஜலதோசம். மூக்கு ரெண்டும் அடைச்சிக் கெடக்கு. தொண்டை எரிஞ்சிச்சு. இஞ்சி தூக்கலாப் போயிருச்சுன்னு நெனச்சேன்."

"குடிச்ச பொறவு?"

பால்ச்சாமி தலையைக் குனிந்தார்.

"பொறவு... மனசு ரொம்ப சந்தோசமா இருந்துச்சு தாயி."

வெள்ளத்தாய் முந்தானையால் வாயைப் பொத்திக் கொண்டாள். அழுகையா, சிரிப்பா... தெரியவில்லை.

"அம்புட்டுத்தான். அதுக்குப் பொறவு ஒரு ஞாபகமும் இல்ல. கண்ணைத் தொறந்தா எதுத்தாப்புல அய்யாதுரை பார் போர்டு. தாயி..." அவர் கண் கலங்கியது. "வண்டியை நான்தான் ஓட்டுனேனா? வழியில புள்ளைகுட்டி எதும் குறுக்க வந்திருந்தா? எனக்கே தெரியலையே!"

ஜெயிலுக்கோ அபராதத்துக்கோ இந்த மனிதர் பயப்படவில்லை. தன் மேலேயே சந்தேகம் வந்துவிட்டதே என்று பயப்படுகிறார்!

"அந்த பாட்டில் எங்க?"

"தேடிப் பாத்தாச்சு. ஜீப்புல இல்லை" என்று ஒரு குரல் வந்தது.

இயக்கத்தின் செயலாளர் வேலுசாமி. கதர்ச் சட்டை. தோளில் ஜோல்னாப் பை. முகம் முழுக்க வியர்வை.

"நான் ஊர்வலத்துக்கு முன்னால மைக்கோட போயிக்கிட்டு இருந்தேன் மேடம். எல்லாம் அந்த அய்யாதுரை வேலை! கலெக்டர் ஆபீஸ்ல கடையை மாத்தச் சொல்லி விசாரணை வரப்போகுதுல்ல? தலைவர் பேரைக் கெடுக்கப் பாட்டிலை வச்சிருக்கான்! ஆனா நிரூபிக்க முடியாது. பேசாம தப்பை ஒத்துக்கிட்டு ஃபைனைக் கட்டிட்டு வந்துருவோம். இழுத்தா அசிங்கம்."

"ஒத்துக்கவா?" பால்ச்சாமியின் மீசை துடித்தது. "ஒத்துக்கிட்டா நான் குடிகாரன். பொறவு எந்த வீட்டு வாசல்ல போயி நின்னு, குடியை நிறுத்துங்கன்னு சொல்லுவேன்?"

"ஒத்துக்க வேண்டாம்" என்றாள் பிரிஸ்கில்லா. "நாம கேஸை நடத்துறோம்!"

சொல்லிவிட்டாள்.

எப்படி நடத்துவது என்பது மட்டும் அவளுக்கே தெரியவில்லை!

★

மறுநாள் மதியம் ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டிலிருந்து அவள் ஸ்கூட்டர் ராஜபாளையம் நோக்கிக் கிளம்பியது.

ஊர் எல்லை தாண்டியதும் கண்ணாடியில் கவனித்தாள்.

பின்னால் ஒரு புல்லட்!

ஓட்டி வந்தவன் ஆஜானுபாகுவாக இருந்தான். கறுப்புக் கண்ணாடி. கழுத்தில் தாம்புக் கயிறு தடிமனில் தங்கச் சங்கிலி.

அவள் வேகம் எடுத்தாள். புல்லட்டும் வேகம் எடுத்தது.

அவள் ஒரு டவுன் பஸ்ஸை முந்தினாள். புல்லட்டும் முந்தியது.

"வக்கீலம்மா! நில்லுங்க!"

நிற்பதா? இயேசுவே!

ஸ்பின்னிங் மில் ஒன்றில் ஷிப்ட் விட்டு, பெண்கள் கூட்டமாக வெளியே வந்துகொண்டிருந்தார்கள். பிரிஸ்கில்லா ஸ்கூட்டரை அந்தக் கூட்டத்துக்குள் விட்டாள்.

"அக்கா... அந்த புல்லட்காரன் என்னைத் தொரத்துறான்!"

அவ்வளவுதான்! டிபன் பாக்ஸுகள் உயர்ந்தன.

"ஏலே! பட்டப்பகல்ல பொம்பளைப் புள்ளையத் தொரத்துறியா? எறங்குலே வண்டிய விட்டு!"

புல்லட்காரன் வாயைத் திறந்தான்... மூடினான்... வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்த வழியே பறந்தான்.

"யாருக்கா அது? உங்களுக்குத் தெரியுமா?"

ஒருத்தி உதட்டைப் பிதுக்கினாள்.

"தெரியாம என்ன? எங்க வீட்டு ஆம்பளை சம்பளம் அம்புட்டும் அவன் கல்லாவுக்குத்தான போகுது. பார் அய்யாதுரை!"

அய்யாதுரையே நேரில் வருகிறான் என்றால்... மிரட்டத்தான்! வேறு எதற்கு?

வேகமாக வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். கூடத்தில் அவள் அப்பா செல்போனில் பால்ச்சாமி வீடியோவைப் பார்த்துக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக் கொண்டிருந்தார்.

"அப்பா! அது என் கட்சிக்காரர்ப்பா!"

"இல்லம்மா... அவரைக் கீழ இறக்கும்போது போலீஸ்காரருக்கு ஒரு சல்யூட் வைக்காரு பாரு. கையைப் புடிச்சிருக்கவங்களே விறைப்பாயிட்டாங்க!"

அவள் எரிச்சலோடு போனைப் பிடுங்கினாள். வீடியோவைப் பார்த்தாள்.

ஒருமுறை பார்த்தாள். திரும்ப ஓட்டிப் பார்த்தாள். பால்ச்சாமி இறங்கும் இடத்தில் நிறுத்தினாள்.

"அட...!"

"என்னம்மா?"

"ஊரே பாத்துச்சு. ஊரே சிரிச்சுது. ஒருத்தரும் கவனிக்கலையேப்பா!"

★

வழக்கு விசாரணைக்கு வந்த நாளில் ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட் ஹாலில் நிற்க இடமில்லை. வேலுசாமி முன் பெஞ்சில் ஜோல்னாப் பையை மடியில் அணைத்தபடி உட்கார்ந்திருந்தார். வெள்ளத்தாய் கதவோரம்.

மாஜிஸ்திரேட் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிற அம்மாள். அவர் பார்த்தால் ஃபேன்கூட மெதுவாகச் சுற்றும்.

எஸ்.ஐ. பொன்னுராஜ் கூண்டில் ஏறிச் சாட்சி சொல்லி முடித்தார். பிரிஸ்கில்லா குறுக்கு விசாரணைக்கு எழுந்தாள்.

"எஸ்.ஐ. சார், என் கட்சிக்காரர் அன்னைக்கு மது அருந்தியிருந்தாரா?"

"ஆமா மேடம். மெஷின்ல தெளிவா காட்டுச்சு."

"நான் மறுக்கலை."

ஹாலில் சட்டென்று ஒரு சலசலப்பு. குற்றவாளிக் கூண்டில் பால்ச்சாமி திடுக்கிட்டார்.

"தாயி! என்ன சொல்லுதீக!"

"அமைதி!" என்றார் மாஜிஸ்திரேட்.

பிரிஸ்கில்லா தொடர்ந்தாள்.

"குடிச்சிருந்தது வேற. குடிச்சிட்டு வண்டி ஓட்டுனது வேற. இவர் வண்டி ஓட்டுனதை நீங்க பாத்தீங்களா?"

"நாங்க வரும்போது வண்டி மோதி நின்னுருச்சு. உள்ள இவர் மட்டும்தான் இருந்தாரு."

"எந்த சீட்டுல?"

"டிரைவர் சீட்டுலதான்."

"எந்தக் கதவைத் திறந்து இறக்குனீங்க?"

பொன்னுராஜ் மனசுக்குள் அந்த வீடியோ ஓடுவது அவர் முகத்திலேயே தெரிந்தது.

"சொல்லுங்க சார். ஊர் பூரா பாத்த வீடியோதான். சல்யூட் அடிச்சிக்கிட்டே எந்தப் பக்கமா இறங்குறாரு?"

"...இடது பக்கம்."

"ஜீப்புல ஸ்டியரிங் எந்தப் பக்கம்?"

"வலது பக்கம்."

"அப்படின்னா இவர் பக்கத்து சீட்டுல இருந்திருக்காரு!"

அரசு வக்கீல் கனகலட்சுமி விருட்டென்று எழுந்தார்.

"யுவர் ஆனர்! மோதினதும் அந்த சீட்டுல இருந்து இந்த சீட்டுக்கு நகர்ந்திருக்கலாம்!"

"முழங்கால்ல பிளேட் வச்சிருக்காரு யுவர் ஆனர். அந்தக் கூண்டுப் படியில ஏறவே ரெண்டு பேர் கை குடுத்தாங்க, நீங்களே பாத்தீங்க. கியர் ராடைத் தாண்டி எப்படிப் போவாரு? காலை நீட்ட வசதியா, பிரேக் கிளட்ச் இல்லாத சீட்டுல உக்காந்தவர் அப்படியே தூங்கிட்டாரு!"

"சரி!" கனகலட்சுமி விடவில்லை. "இவர் ஓட்டலைன்னா ஜீப் தானாவா போச்சு? யாரு ஓட்டுனது? பேயா?"

ஹால் சிரித்தது.

பிரிஸ்கில்லா சிரிக்கவில்லை. அவளிடம் பதில் இல்லை. சந்தேகத்தின் பலனைக் கொடுத்து விடுதலை செய்யலாம்... ஆனால் பால்ச்சாமிக்குத் தேவை சந்தேகத்தின் பலன் இல்லையே! ஊரும் அவரும் நம்புகிற மாதிரி ஒரு பதில்!

அந்த நேரத்தில்...

"அம்மா! நான் ஒண்ணு சொல்லலாமா?"

வாசலில் இடி மாதிரி ஒரு குரல்!

எல்லாத் தலைகளும் திரும்பின.

கறுப்புக் கண்ணாடி. தங்கச் சங்கிலி.

அய்யாதுரை!

"யாருய்யா நீங்க?" என்றார் மாஜிஸ்திரேட். "முதல்ல கண்ணாடியைக் கழட்டுங்க."

அய்யாதுரை பவ்யமாகக் கழற்றினார்.

"ஜீப்பு மோதின போர்டு என்னுதும்மா. நடந்ததைக் கண்ணால பாத்தவன் நான். இந்த வக்கீலம்மாட்ட சொல்லணும்னு பொறத்தாலயே போனேன். அவிய மில்லுப் பொம்பளையளை விட்டு என்னைத் தொரத்திட்டாவ!"

மாஜிஸ்திரேட் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"டிஃபென்ஸ் சைடுல இவரை சாட்சியா விசாரிக்க விரும்புறீங்களா?"

பதில் தெரியாத கேள்வியைக் கோர்ட்டில் கேட்கவே கூடாது என்று பிரிஸ்கில்லாவின் சீனியர் தலையில் குட்டிக் குட்டிச் சொல்லியிருக்கிறார். இவனோ பால்ச்சாமியின் பரம எதிரி. "தலைவர்தான் ஓட்டினார்" என்று ஒரு வார்த்தை சொன்னால் கதை முடிந்தது!

அய்யாதுரையின் கண்களைப் பார்த்தாள். கறுப்புக் கண்ணாடி இல்லாமல் அவை பள்ளிக்கூட வாத்தியாரின் கண்கள் மாதிரி சாதுவாக இருந்தன.

"விசாரிக்கிறேன் யுவர் ஆனர்!"

அய்யாதுரை கூண்டில் ஏறினார். சத்தியம் செய்தார்.

பிரிஸ்கில்லா நேராகவே கேட்டாள்.

"அன்னைக்கு ஜீப்பை ஓட்டுனது யாரு?"

"பால்ச்சாமி அண்ணாச்சி இல்லம்மா. அவிய குறட்டை விட்டுட்டு இருந்தாவ. ஓட்டியாந்தவன் மோதினதும் குதிச்சு, சீட்டுக்கடியில இருந்து ஒரு காலி பாட்டிலை எடுத்துக்கிட்டு, என் கடைச் சந்துக்குள்ள ஓடிட்டான்."

"ஓடுனவர் முகம் தெரிஞ்சுதா?"

"முகம் எதுக்கும்மா? முதுகைப் பாத்தாலே சொல்லுவேன். தெனமும் பின்வாசல் வழியா வார ஆளாச்சே!"

"யாரு?"

அய்யாதுரை கையை நீட்டினார்.

முன் பெஞ்சை நோக்கி!

"இந்தா... மது ஒழிப்பு இயக்கச் செயலாளர் வேலுசாமி!"

"பொய்!" வேலுசாமி துள்ளி எழுந்தார். "அவன் பார்க்காரன்! அவன் பேச்சை நம்பலாமா?"

சொல்லிக்கொண்டே கதவை நோக்கிப் பாய்ந்தார்!

கதவோரம் வெள்ளத்தாய் நிற்பதை அவர் மறந்துவிட்டார். வெள்ளத்தாய் நெல் மூட்டையைத் தனியாளாக வண்டியில் ஏற்றுகிறவள். வேலுசாமியின் சட்டைக் காலரை ஒரு கையால் பிடித்தாள். அவ்வளவுதான். ஆள் அந்தரத்தில்!

ஜோல்னாப் பை கீழே விழுந்தது.

உள்ளேயிருந்து ஒரு தண்ணீர் பாட்டில் உருண்டது. வெள்ளத்தாய் மறு கையால் எடுத்து, பல்லால் மூடியைத் திருகி, முகர்ந்து பார்த்தாள். முகம் கோணியது.

"ஏலே வேலுசாமி! இதாம்லே உங்க ஊரு இஞ்சி சர்பத்தா?"

"மைனி... விட்ருங்க மைனி!" வேலுசாமி உடைந்தார். "வேணும்னு செய்யல! அது என் பாட்டில். சீட்டுக்கடியில ஒளிச்சு வச்சிருந்தேன். ஒரு வாய் குடிப்போம்னு ஊர்வலத்துல இருந்து நழுவி வந்தா, தலைவர் மிச்சத்தை எல்லாம் காலி பண்ணிட்டுத் தூங்குதாவ! ஊருக்குத் தெரிஞ்சா இயக்கம் நாறிப்போகுமேன்னு பயம். யாரும் பாக்கும் முன்னால எங்க வீட்டுல கொண்டு போட்டுருவோம்னு வண்டியை எடுத்தேன். காலையிலயே நானும் கொஞ்சம் போட்டிருந்தேன்... போர்டு ரெண்டாத் தெரிஞ்சுது. ரெண்டுக்கும் நடுவுல பூந்துரலாம்னு நெனச்சேன் மைனி!"

ஹால் வெடித்துச் சிரித்தது. மாஜிஸ்திரேட் பேனாவைத் தேடுகிற சாக்கில் மேஜைக்குக் கீழே குனிந்துகொண்டார். நிமிர்ந்தபோது முகம் சிவந்திருந்தது.

"குடிச்சவர் வண்டி ஓட்டலை. வண்டி ஓட்டுனவர் நின்னு பதில் சொல்லலை. குற்றம் சாட்டப்பட்ட பால்ச்சாமியை இந்தக் கோர்ட் விடுதலை செய்யுது. எஸ்.ஐ... அடுத்த தடவை எந்தக் கதவுன்னு எழுதிட்டு வாங்க. இப்ப அந்த ஆளைக் கூட்டிட்டுப் போங்க!"

பால்ச்சாமி கூண்டிலிருந்து இறங்கினார். கைகொடுக்க வந்த இருவரையும் விலக்கிவிட்டுத் தானே இறங்கினார்.

"தாயி..." அவர் பிரிஸ்கில்லாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "நான் ஓட்டல. கேட்டியா? நான் ஓட்டல!"

"கேட்டேன் ஐயா" என்றாள் பிரிஸ்கில்லா. அவளுக்கும் கண் கலங்கியது. அவர் மீசையோ இரு பக்கமும் மேலே ஏறியிருந்தது.

★

கோர்ட் வாசல் டீக்கடை. எதிரியும் எதிரியும், பால்ச்சாமியும் அய்யாதுரையும், ஒரே பெஞ்சில். ஆளுக்கொரு டீ.

"அண்ணாச்சி, போலீஸ்ல அன்னைக்கே சொல்லியிருக்கலாமே?" என்று அய்யாதுரையைக் கேட்டாள் பிரிஸ்கில்லா.

"எங்கிட்ட யாரும்மா கேட்டா? நான் வாயைத் தொறந்தாலே 'போய்யா, போர்டுக்கு நஷ்டஈடு கேக்க வந்துட்டான்'னு வெரட்டுதாவ."

"ஆனா இவர் உங்க கடையை மூடப் பாக்குறவரு. இவரைக் காப்பாத்த ஏன் வந்தீங்க?"

அய்யாதுரை டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"குடிகாரன் யாரு, குடிக்காதவன் யாருன்னு இந்த சுத்துப்பட்டுல எனக்குத்தான் தெரியும். ஒரு சொட்டு தொடாத மனுசனைப் போயி குடிகாரன்னு ஊரு சிரிச்சா, மனசு கேக்குமா? அதுவும்போக..." குரலைத் தாழ்த்தினார். "நானும் குடிக்க மாட்டேன்மா. வாடையே எனக்கு ஆவாது."

பால்ச்சாமி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நிசமாவா?"

"எங்க ஆத்தா மேல சத்தியமா. கல்லாவுல மூக்குல துணி கட்டிக்கிட்டுத்தான் உக்காந்திருப்பேன்."

பால்ச்சாமி அவர் தோளில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார்.

"அய்யாதுரை! உன் கடையை மூடாம விட மாட்டேன். அது வேற. ஆனா எனக்கு இப்ப செயலாளர் போஸ்ட் காலியா இருக்கு. குடிக்காத ஆளு வேணும். வாரியா?"

பிரிஸ்கில்லாவுக்கு இரண்டாம் முறையாகப் புரை ஏறியது. இந்த முறை டீ!

"என் கடையை மூட எனக்கே பதவியா? நல்லா இருக்கே!" அய்யாதுரை சிரித்தார். "உங்க ஆளுக ஒத்துக்கிடணுமே அண்ணாச்சி?"

"இப்பவே அவசரக் கூட்டம் போடுதேன்!"

பால்ச்சாமி செல்போனை எடுத்தார். துணைத் தலைவருக்கு அடித்தார். எடுக்கவில்லை. பொருளாளருக்கு அடித்தார். எடுக்கவில்லை. செயற்குழு உறுப்பினர்கள்... ஒருவரும் எடுக்கவில்லை!

"எங்க போய்த் தொலைஞ்சானுவ எல்லாரும்? சாயங்காலமானா ஒருத்தனும் போனை எடுக்க மாட்டேங்கான்!"

அய்யாதுரை கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு புல்லட் சாவியை எடுத்தார்.

"ஏறுங்க அண்ணாச்சி. கூட்டத்தை என் பார்லயே வச்சிரலாம்... உங்க செயற்குழு மொத்தமும் ஏற்கெனவே அங்கதான் உக்காந்திருக்கு!"